ஒன்பது வயது லாப்ரடாரோடு பிரெய்ரி சிற்றூர்கள் வழியாக வின்னிபெக்கிலிருந்து கால்கரி வரை போகலாமா?

ஜூலையில் பத்து நாள் எடுத்துக்கொண்டு நீங்களும் உங்கள் கணவரும் வின்னிபெக்கிலிருந்து கால்கரிக்குக் காரில் போக நினைக்கிறீர்கள். டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலை வேண்டாம், சிற்றூர்கள் வழியாக நிதானமாகப் போக வேண்டும், ஒன்பது வயது லாப்ரடாரும் கூட வருவான். எந்த வழி, எங்கே தங்குவது, என்ன ஆபத்து என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியின் கடைசி வரியில்தான் உங்கள் மனம் இருக்கிறது: "எங்கள் ஆசைக்காக வயதான நாயை இழுத்தடிக்கிறோமோ?" அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். அவனுக்கு இதயக் கோளாறோ மூச்சுத் திணறலோ இல்லாமல், வீட்டில் அரை மணி நேரம் தானாக நடக்கிறான் என்றால் இந்தப் பயணம் அவனுக்கு ஏற்றதுதான். விமானத்தையும் மலைப்பாதையையும்விட இதுவே அவனுக்கு நல்லது. தென்மேற்கு சஸ்காச்சுவானில் மாடு, குதிரை, நாய், பூனை எல்லாவற்றையும் பார்க்கும் கால்நடை மருத்துவமனையில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். கோடையில் வழிப்போக்கர்களின் நாய்கள் எங்களிடம் எதற்காக வந்து சேர்கின்றன என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கரடியாலோ ஓநாயாலோ அல்ல, புல்லாலும் தண்ணீராலும்தான்.

பிரெய்ரி எனப்படும் இந்தப் புல்வெளிச் சமவெளி ஏன் வயதான நாய்க்குப் பொருந்தும் என்றால், இங்குள்ள ஊர்களின் இடைவெளியே விலங்கின் நடையை வைத்து அமைந்தது. ரயில்பாதை போட்ட காலத்தில், விவசாயி குதிரை வண்டியில் கோதுமையை ஏற்றிப்போய் இறக்கிவிட்டு அன்றைக்கே வீடு திரும்ப வேண்டும் என்று கணக்கிட்டு, பெரும்பாலும் பத்து முதல் பதினைந்து கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் வைத்தார்கள். நிலையத்தை ஒட்டித் தானிய எலிவேட்டர் என்னும் உயரமான தானியக் கிடங்கு, அதை ஒட்டி ஓர் ஊர். 1930களின் தொடக்கத்தில் இப்படி 5,700க்கும் மேற்பட்ட மர எலிவேட்டர்கள் மனிடோபா, சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா ஆகிய மூன்று மாகாணங்களிலும் நின்றன. 1995இல் தானிய ரயில் கட்டணத்துக்கான அரசு மானியம் முடிந்ததும் கிளைப்பாதைகள் வேகமாக மூடப்பட்டன, எலிவேட்டர்கள் இடிக்கப்பட்டன, பல ஊர்கள் சில வீடுகளாகச் சுருங்கின. உங்களுக்கு இதில் இரண்டு செய்தி இருக்கிறது. மூட்டு இறுகும் வயதிலுள்ள நாயை ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறையாவது இறக்கி நடக்கவிட வேண்டும். இந்த வழியில் அதற்கு ஒருபோதும் இடம் தேட வேண்டியிருக்காது. விளையாட்டுத் திடல், நாலு மரம், ஆள் நடமாட்டமில்லாத அகலத் தெரு, ஊர் தோறும் கிடைக்கும். அதே சமயம் வரைபடத்தில் பெயர் இருக்கிறது என்பதற்காக அங்கே கடையோ பெட்ரோலோ இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். டாங்க் பாதி ஆனதும் நிரப்பிவிடுங்கள்.

வழியைப் பற்றி எனக்குத் தயக்கமே இல்லை. ரெட் கோட் டிரெயில் என்று பலகை வைத்திருக்கும் பாதையைப் பிடியுங்கள். 1874இல் வடமேற்குக் குதிரைப் போலீஸ் படை மேற்கே அணிவகுத்துப் போனதன் நினைவாக அந்தப் பெயர். மனிடோபாவில் 2ஆம் எண் சாலை, சஸ்காச்சுவானில் 13ஆம் எண் சாலை. டிரான்ஸ் கனடாவில் போனால் மொத்தம் சுமார் 1,330 கிலோமீட்டர். இந்த வழியில் வளைவுகளையும் கிளைப்பயணங்களையும் சேர்த்தால் அதைவிட அதிகம். ஆனாலும் நாளுக்கு 150 முதல் 200 கிலோமீட்டர் போதும். சூரிஸ் ஊரின் தொங்குபாலம் 2011 வெள்ளத்தின்போது போய், பிறகு புதிதாகக் கட்டப்பட்டது. பாலம் ஆடுவதால் பல நாய்கள் நடுவில் படுத்துவிடும். அவன் மறுத்தால் இழுக்காதீர்கள், ஆற்றங்கரையிலேயே நடக்க இடமிருக்கிறது. வேபர்ன், ஒகீமா, அசினிபோயா தாண்டி, லஃப்லெஷிலிருந்து சற்று வடக்கே கிரேவல்பூர்க். பிரெஞ்சுக்காரர்கள் குடியேறிய ஊர். ஆயிரம் சொச்சம் பேர் வாழும் இடத்தில் ஒரு பேராலயம் நிற்கிறது. அதன் உட்சுவர் ஓவியங்களை 1920களில் அங்கிருந்த பாதிரியாரே வரைந்தார். பிறகு ஈஸ்ட்எண்ட். அங்கே பள்ளத்தாக்கில் 1991இல் ஒரு பள்ளி ஆசிரியர் கண்டெடுத்த எலும்பிலிருந்து தொடங்கித்தான் ஸ்காட்டி என்னும் மாபெரும் டைரனோசாரஸ் டைனோசர் வெளியே வந்தது. அந்தப் பேராலயத்துக்குள்ளும் இங்குள்ள டைனோசர் அருங்காட்சியகத்துக்குள்ளும் நீங்கள் மாறி மாறித்தான் போக வேண்டும். ஒருவர் வெளியே நாயோடு நிழலில் இருக்கட்டும். கடைசியாக சைப்ரஸ் ஹில்ஸ். நாட்கணக்கில் புல்வெளியைப் பார்த்த கண்ணுக்கு முன்னால் பைன் காடு எழும். உயரம் 1,000 மீட்டரைத் தாண்டிவிடுவதால் காற்றும் குளிர்ந்துவிடும். அங்கே இரண்டு இரவு தங்கினால் அவனுக்கு நல்ல ஓய்வு.

ஒரு எச்சரிக்கை. இங்கே நிலத்தைக் கட்டம் கட்டமாக அளந்து மைல் கணக்கில் சரளைச் சாலை போட்டிருப்பதால், எந்தச் செல்பேசி வரைபடமும் குறுக்குவழி ஒன்றைக் காட்டிக்கொண்டே இருக்கும். காய்ந்திருக்கும்போது அவை அழகான சாலைகள். மழை பெய்தால் கம்போ என்று நாங்கள் சொல்லும் களிமண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு வண்டியை நிறுத்திவிடும். சைப்ரஸ் ஹில்ஸின் நடுப்பகுதியையும் மேற்குப் பகுதியையும் இணைக்கும் கேப் ரோடு இதற்குப் பேர்போனது. ஈரமாக இருந்தால் அதில் இறங்கவே வேண்டாம். சரளைச் சாலையில் நாய் ஜன்னலுக்கு வெளியே தலை நீட்டக் கூடாது. எதிரே தானிய லாரி வந்தால் கல் தெறிக்கும். விழித்திரைவரை சேதமான கண்களை நான் பார்த்திருக்கிறேன். பின் இருக்கையில், ஹார்னஸ் போட்டு, பெல்ட்டோடு இணைத்து உட்காரவையுங்கள். முன் இருக்கையில் ஏர்பேக் இருப்பதால் அங்கே வேண்டாம்.

தங்குவதற்கு மோட்டல்களைவிட ஊராட்சிகள் நடத்தும் சிறிய முகாம் திடல்களையே சொல்வேன். பேஸ்பால் திடலுக்கோ ஐஸ் ரிங்குக்கோ பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு இடம், மின்சாரம், தண்ணீர்க் குழாய் இருக்கும். பல இடங்களில் காவலாள்கூட இல்லை. பணத்தை உறையில் போட்டுப் பெட்டியில் இட்டுவிட வேண்டும். அதனால் சில்லறை நோட்டுகள் வைத்துக்கொள்ளுங்கள். நாயை வாரில் வைத்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மாறாக, மாலையில் ஊர்க்காரர்கள் நாயைப் பார்க்கத்தான் உங்களிடம் வருவார்கள். காலையில் காபி ரோ என்னும் கூட்டம் கூடும் கஃபேயிலும் அப்படித்தான்: வயல் வேலைக்கு முன் மணிக்கணக்காகப் பேசும் பெரியவர்கள், வெளியே கட்டியிருக்கும் நாயின் வயதைக் கேட்டே பேச்சைத் தொடங்குவார்கள். எந்தச் சாலை பழுது, எங்கே குளிக்கலாம், எந்தக் குட்டையில் தண்ணீர் கெட்டிருக்கிறது என்பதை அவர்களைவிடத் துல்லியமாகச் சொல்ல ஆளில்லை. ஞாயிறு, திங்களில் பல கஃபேக்கள் மூடியிருக்கும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

இப்போது புல். இதை நீளமாகச் சொல்லப் போகிறேன், ஏனென்றால் இதைத்தான் வெளியூர்க்காரர்கள் யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஜூன் கடைசியிலிருந்து ஸ்பியர் கிராஸ் என்னும் ஈட்டிப்புல் முற்றுகிறது. அதன் விதையைக் கையில் எடுத்துப் பாருங்கள்: ஊசி முனை, முனைக்குப் பின்னால் எதிர்த்திசையில் படிந்த நுண்ணிய மயிர், அதன் பின்னால் விரல் நீளத்துக்குமேல் முறுக்கிய வால். ஈரம் பட்டால் முறுக்கு அவிழும், காய்ந்தால் மறுபடி முறுக்கிக்கொள்ளும். அந்தச் சுழற்சியில் விதை மண்ணுக்குள் தன்னைத் தானே திருகி இறக்கிக்கொள்கிறது. நாயின் தோலையும் அது மண்ணாகத்தான் நினைக்கிறது. மயிர் எதிர்த்திசையில் இருப்பதால் உள்ளே போகுமே தவிரத் திரும்பி வராது. இதற்குத் துணையாக ஃபாக்ஸ்டெயில் பார்லி வேறு. பச்சையும் ஊதாவும் கலந்த பட்டுப்போன்ற கதிர், சாலையோரப் பள்ளங்களிலும் உப்புக்குட்டைக் கரைகளிலும் ஊருக்குள் வெறும் மனைகளிலும் அழகாக அசைந்துகொண்டிருக்கும். பலர் நாயை அதில் நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். காய்ந்ததும் அது உதிர்ந்து விரலிடுக்கு, காது, மூக்கு, கண்ணிமை, அக்குள் என்று எங்கும் புகுந்துகொள்ளும்.

அறிகுறிகள் தெளிவானவை. புல்லில் ஓடிவிட்டு வந்தவன் திடீரென்று அடுக்கடுக்காகத் தும்மி, மூக்கில் ரத்தம் கசிந்தால் மூக்கில் போயிருக்கிறது. தலையை ஒரு பக்கம் சாய்த்து விடாமல் உதறினால் காது. ஒரு கண்ணைத் திறக்க மறுத்தால் இமைக்குள். ஒரே பாதத்தை நக்கிக்கொண்டே இருந்து, இரண்டு நாளில் விரலிடையில் வீக்கமும் சிறு துளையும் வந்தால் அங்கே. மூக்கு, காது, கண் மூன்றிலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்; காத்திருந்தால் விதை ஆழமாகப் போகும். மூச்சோடு நுரையீரலுக்குள் இழுக்கப்பட்ட விதை பிறகு சீழ்க்கட்டியாக வெளிப்படுவதும் உண்டு. எக்ஸ்ரேயில் இந்த விதை பொதுவாகத் தெரியாது என்பதால் தேடுவது எங்களுக்கே கடினம். ஆகவே முற்றிய புல்லுக்குள் அவனை விடவே வேண்டாம். வெட்டிய புல்தரை, சாலை, பாதை போதும். கிளம்புமுன் விரலிடை முடியையும் காதைச் சுற்றிய முடியையும் கத்தரித்துவிடுங்கள். ஒவ்வொரு இரவும் விளக்கு வெளிச்சத்தில் விரல் விரலாகப் பிரித்துப் பாருங்கள். உண்ணியையும் அப்போதே தேடிவிடலாம். உண்ணி மே, ஜூனில்தான் உச்சம்; ஜூலை நடுவில் குறைந்துவிடும். ஆனாலும் மாதாந்திர மருந்தை நிறுத்தாதீர்கள். தெற்கு மனிடோபாவில் லைம் நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணி நிலைபெற்றிருக்கிறது.

அடுத்தது தண்ணீர். லாப்ரடார் தண்ணீரைக் கண்டால் குதிப்பான். இந்த நிலத்தில் அதுவே பெரிய ஆபத்து. சமவெளியின் பல ஏரிகளுக்கும் குட்டைகளுக்கும் வெளியேறும் வழியே கிடையாது. வந்த நீர் ஆவியாகிறது, உப்பு தங்கிவிடுகிறது. கரையில் வெள்ளை படிந்த நீர்நிலை எதையும் குடிக்கவிடாதீர்கள். 2017 கோடையில் ஷாம்ராக் என்ற ஊருக்கு அருகே உப்பேறிய நீராலும் தாகத்தாலும் சுமார் 200 மாடுகள் இறந்தன. மாட்டையே சாய்க்கும் நீர் அது. நாய் சில மடக்கு குடித்தால் பெரும்பாலும் வயிற்றுப்போக்கோடு போய்விடும், ஆனால் வயதான நாய்க்குப் பயணத்தில் நீர்ச்சத்து இழப்பு சின்ன விஷயமல்ல. இதைவிட மோசமானது நீலப்பச்சைப் பாசி. வெயில் நாட்களில், காற்றில்லாத நேரத்தில், கரையோரம் பச்சைப் பெயிண்டைக் கொட்டியதுபோல நீர் தடித்திருக்கும். அதில் சில வகைகளின் நஞ்சு ஈரலைத் தாக்கும், சில நரம்பைத் தாக்கும். நிமிடங்களிலோ மணிகளிலோ நாய் இறந்துவிடலாம். மாற்று மருந்து கிடையாது. எந்தப் பாசி நஞ்சுள்ளது என்பதைக் கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். சந்தேகம் இருந்தால் இறக்காதீர்கள். இறங்கிவிட்டால் அவன் உடம்பை நக்குவதற்குள் நல்ல நீரில் கழுவிவிட்டு, வாந்தியோ தள்ளாட்டமோ வரும்வரை காத்திராமல் மருத்துவருக்கு ஃபோன் செய்யுங்கள். குடிநீரை வீட்டிலிருந்தே பெரிய கேனில் கொண்டுபோய் ஊர்க் குழாய்களில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

வெயிலைப் பற்றி ஒரு விஷயம். கனடா என்றால் குளிர் என்ற நினைப்பு இந்த வழியில் உதவாது. வேபர்னுக்கு அருகிலுள்ள யெல்லோ கிராஸ், மிடேல் ஊர்களில் 1937 ஜூலை 5 அன்று 45 டிகிரி செல்சியஸ் பதிவானது. 2021 வரை அதுவே நாட்டின் உச்சம். வெளியே இதமான 24 டிகிரி இருக்கும்போதே மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் 34 டிகிரியைத் தொட்டுவிடும். ஜன்னலைச் சிறிது இறக்கிவைப்பதால் பெரிதாக மாறாது. கஃபேயில் சாப்பிடும்போது நாயைக் காரில் விடுவது என்பதே உங்கள் திட்டத்தில் இருக்கக் கூடாது. தேதியை மாற்ற முடியுமானால் ஜூலையைவிட செப்டம்பர் முதல் பாதியைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்: வெயில் தணியும், இடிமழையும் குறையும். பாசி மட்டும் அப்போதும் இருக்கும்.

கிராஸ்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குள் போவீர்கள் என்று நினைக்கிறேன். கெடிலாக் ஊரிலிருந்து தெற்கே வால் மேரி வழியாகப் போகலாம். கட்டாயம் போங்கள், ஆனால் அதிகாலையில் மட்டும். நிழல் தரும் மரமே இல்லை. நாய் எப்போதும் வாரில் இருக்க வேண்டும் என்பது விதி. காட்டெருமைகளிடமிருந்து குறைந்தது 100 மீட்டர். பிரெய்ரி டாக் என்பது நாயல்ல, வளையில் வாழும் அணில் இனம்; அவை கனடாவில் கூட்டமாக வாழும் ஒரே இடம் இது. அவற்றின் வளைகளுக்குப் பக்கத்தில் நாயைக் கொண்டுபோகாதீர்கள், ஏனென்றால் அவற்றின் தெள்ளுப்பூச்சிகள் வழியாகப் பிளேக் பரவக்கூடும். 2010இல் இந்தப் பூங்காவின் பிரெய்ரி டாக் ஒன்றில் அந்நோய் கண்டறியப்பட்டது. பெரிய அச்சம் வேண்டாம், ஆனாலும் கிலுகிலுப்பைப் பாம்பு உண்டு. கடித்தால் வெட்டுவது, உறிஞ்சுவது, கட்டுவது எதுவும் செய்யாமல், நாயை நடக்கவிடாமல் தூக்கி வண்டியில் ஏற்றுங்கள். எல்லாச் சிறு மருத்துவமனையிலும் விஷமுறிவு மருந்து இருக்காது. வழியிலிருந்தே ஃபோன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.

மேய்ச்சல் நிலங்களின் வாசலில் சாலையின் குறுக்கே இரும்புக் குழாய்களைப் பதித்திருப்பார்கள். டெக்சஸ் கேட் என்பார்கள். மாடு தாண்டாமல் இருக்க வைத்தது. நாயின் கால் இடைவெளியில் இறங்கி முறியும். அதைக் காரில்தான் கடக்க வேண்டும், நடத்திக் கடக்கக் கூடாது. பண்ணை வீட்டு முற்றத்தில் நின்றால், கேட்காமல் நாயை இறக்காதீர்கள்: அங்கே காவல் நாய் இருக்கும், சில வயல்களில் கோஃபர் என்னும் தரை அணிலுக்கு நஞ்சும் வைத்திருப்பார்கள். முள்ளம்பன்றி முள் ஏறினால் முள்ளை வெட்டிவிட்டால் காற்று போய் எளிதில் வரும் என்று ஊரில் யாராவது சொல்வார்கள். அது தவறு, வெட்டினால் உடைந்த துண்டு உள்ளே தங்கும். மயக்கம் கொடுத்து எடுப்பதுதான் முறை. ஸ்கங்க் என்னும் விலங்கு பீய்ச்சும் நாற்றத்தைவிட அது பரப்பும் வெறிநோய்தான் எனக்குக் கவலை. தடுப்பூசிச் சான்றிதழை வண்டியில் வையுங்கள்.

இனி, நேரில் பார்க்காமல் நான் சொல்லக் கூடாதவை. நீங்கள் குறிப்பிட்ட மூட்டுவலி மாத்திரையின் அளவைக் கூட்டலாமா என்ற கேள்வி அப்படிப்பட்டது. ஒன்பது வயதில் சிறுநீரகம், ஈரல் ரத்தப் பரிசோதனை பார்த்த பிறகுதான் எந்த மருத்துவரும் அதைத் தீர்மானிக்க வேண்டும்; வின்னிபெக்கிலேயே கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால் முடித்துவிடுங்கள். வழியில் வலித்தால் மனிதருக்கான ஐபுப்ரூஃபன் கொடுத்துவிடாதீர்கள், அது நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்கும். பயண வாந்திக்கு நல்ல மருந்து இருக்கிறது. இடிச்சத்தத்துக்கும் மருந்து உண்டு. ஆனால் எந்த நாய்க்கு எது பொருந்தும் என்பது நாய்க்கு நாய் மாறுகிறது, வீட்டில் ஒரு முறை கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். காரில் ஏற இறங்கச் சாய்பலகை வாங்கலாமா என்றால், வாங்குங்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாளுக்குப் பத்துத் தடவை குதித்து இறங்குவதுதான் இடுப்பைக் கெடுக்கும்.

உதவி எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்பதைக் கிளம்புமுன் எழுதிவையுங்கள். வேபர்ன், அசினிபோயா அளவுள்ள ஊர்களில் கால்நடை மருத்துவர் இருப்பார், ஆனால் அவர் மாட்டுப் பிரசவத்துக்காக நாற்பது கிலோமீட்டர் தள்ளி நிற்கலாம். அதனால் முதலில் ஃபோன், பிறகு பயணம். பெரிய அறுவை சிகிச்சை என்றால் சஸ்கடூனில் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உங்கள் வழியிலிருந்து அது பல மணி நேர ஓட்டம். கிராஸ்லேண்ட்ஸ் பக்கம் பல இடங்களில் செல்பேசிச் சிக்னல் கிடையாது, எண்களைத் தாளில் வைத்திருங்கள். கால்கரி போய்ச் சேர்ந்த பிறகும் சில வாரங்களுக்கு அவனைக் கவனியுங்கள். காரணம் தெரியாத இருமலோ, விலாவில் வீக்கமோ, பின்னங்கால் தளர்ச்சியோ வந்தால், மருத்துவரிடம் முதல் வாக்கியமாகவே "ஜூலையில் சஸ்காச்சுவான் புல்வெளியில் இருந்தோம்" என்று சொல்லுங்கள். புல்விதையையும் உண்ணியையும் அவர் அங்கிருந்துதான் தேடத் தொடங்குவார்.